'லிவர் போச்சு' என்று சொல்லாதீர்கள்

கார்த்திகை முதல் தேதி விடியுமுன் தலைமுழுகி, குருசாமி கையால் மாலை போட்டுக்கொள்ளும் ஆண்களில் எத்தனையோ பேர் முந்தைய இரவு வரை குடித்தவர்கள். மாலை கழுத்தில் ஏறிய பிறகு அவர்கள் டாஸ்மாக் இருக்கும் தெருப் பக்கமே போவதில்லை. தனித் தட்டு, தனிப் பாய், இரண்டு வேளைக் குளியல், சரண கோஷம் என்று ஒரு மண்டலம் ஓடுகிறது. பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் வருடத்தில் நிம்மதியாகத் தூங்குவது அந்த நாட்களில்தான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கோ மறுநாளோ பலர் பழையபடி கடை வாசலில் நிற்கிறார்கள். ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 41 நாளில் வலது விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும் அவருடைய கல்லீரல் எவ்வளவு தூரம் மீண்டு வந்திருக்கிறது என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் திருந்தியிருப்பார்கள் என்று நான் வாதிடவில்லை. சிலராவது யோசித்திருப்பார்கள், அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குடித்த மதுவில் பெரும்பகுதியை உடைத்துத் தள்ளும் வேலை கல்லீரலுடையது. முதலில் அதை அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாற்றி, பிறகு அசிட்டேட்டாக மாற்றுகிறது. இந்த வேலை முடியும்வரை கொழுப்பை எரிக்கும் வேலை பின்தங்கிவிடுகிறது. எரியாத கொழுப்பு கல்லீரல் செல்களுக்குள்ளேயே தேங்குகிறது. தொடர்ந்து அதிகமாகக் குடிக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் இந்தக் கொழுப்பு சேர்ந்துவிடும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்துவிட்டு, 'இது இப்ப எல்லாருக்கும் இருக்கு' என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

'அதிகமாக' என்பது எவ்வளவு? நம் ஊர் கணக்கிலேயே பார்ப்போம். 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இத்தாலியில் இரண்டு ஊர்களின் மக்களை வைத்து நடத்தி 1997-இல் வெளியிட்ட டயோனைசஸ் ஆய்வு, நாளொன்றுக்கு 30 கிராமைத் தாண்டினாலே கல்லீரலுக்கு ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று கண்டது. அதாவது தினமும் அரைக் குவார்ட்டர், நம்மவர்கள் 'கட்டிங்' என்று சொல்லும் அளவே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. 'நான் பீர் மட்டும்தான் சாப்பிடுவேன்' என்பவர்களுக்கும் இதே கணக்குதான். 8 விழுக்காடு உள்ள ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 40 கிராம் இருக்கிறது. பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே பாதிப்பு வருகிறது. சர்க்கரை நோயும் தொப்பையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 'வயிறு நிறையக் கறியும் முட்டையும் சாப்பிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது. சாப்பிடாமல் குடிக்கிறவனுக்குத்தான் லிவர் கெடும்' என்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள். 1960-களில் நியூயார்க்கில் சார்லஸ் லீபர் என்ற மருத்துவர், சத்தான உணவும் மதுவும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. கெடுப்பது மதுதான் என்று அதோடு தெளிவானது. சைட் டிஷ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கல்லீரலைக் காப்பாற்றாது.

இனி நல்ல செய்தி. நிறுத்திய இரண்டிலிருந்து ஆறு வாரங்களுக்குள் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். ரத்தப் பரிசோதனைத் தாளில் 'ஜிஜிடி' என்று ஒரு வரி இருக்கும். குடிப்பவர்களுக்கு அது ஏறிக் கிடக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மருத்துவர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிதமாகவும் சற்று அதிகமாகவும் குடித்துவந்த 94 பேர் ஒரே ஒரு மாதம் நிறுத்தினார்கள். அதற்குள் ரத்த அழுத்தம் இறங்கியது, எடை குறைந்தது, இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு கால் பங்கு குறைந்தது. ஒரு மண்டல விரதம் அதைவிட நீளமானது. ஆகவே கார்த்திகையில் மாலை போட்டு, மண்டல பூஜை முடித்துத் திரும்பும் மனிதர் ஏறக்குறையப் புதிய கல்லீரலோடு வீடு திரும்புகிறார் என்று சொல்வது மிகையாகாது. அவருடைய நோய் கொழுப்பு கட்டத்தில் இருந்திருந்தால் அதுதான் உண்மை. திரும்பவும் தொடங்கினால் அந்தக் கொழுப்பு வந்து சேர வாரங்கள்கூட வேண்டாம்.

கொழுப்போடு நிற்காமல் சிலருக்கு நோய் உள்ளே இறங்கும். கல்லீரலுக்குள் நட்சத்திர வடிவில் சில செல்கள் உண்டு. ஜெர்மானிய உடற்கூறியலாளர் குப்ஃபர் அவற்றை 1876-லேயே பார்த்து எழுதிவைத்தார். சாதாரண நாட்களில் அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கல்லீரல் திரும்பத் திரும்பக் காயப்பட்டால் விழித்துக்கொண்டு நாரை உற்பத்தி செய்யத் தொடங்கும். காயம் ஆறிய இடத்தில் தழும்பு விழுவதைப் போன்றதுதான் இது. அதிகமாகக் குடிப்பவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு இந்தத் தழும்பு ஏற்படுகிறது. 10 முதல் 20 பேருக்கு அது கல்லீரல் முழுவதையும் முடிச்சு முடிச்சாகக் கட்டி இறுக்கிவிடுகிறது. அதைத்தான் சிர்ரோசிஸ், கல்லீரல் சுருக்கம் என்கிறோம். 2017-இல் வெளியான, இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் சிர்ரோசிஸ் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதுவால் நோயுற்றவர்கள். மற்ற எந்தக் காரணத்தையும்விட அதுவே அதிகம்.

தழும்பு விழுந்தால் விழுந்ததுதான், மாறாது என்று மருத்துவக் கல்லூரிகளில் பல காலம் பாடம் நடத்தினார்கள். அந்தப் பாடம் மாறிவிட்டது. பிரிட்டனில் ஜான் ஐர்டேல் போன்றவர்கள் 1990-களிலிருந்து செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. காயப்படுத்தும் காரணத்தை அகற்றிவிட்டால், நார் நெய்துகொண்டிருந்த அந்த நட்சத்திர செல்களில் ஒரு பகுதி மடிந்துபோகின்றன. மற்றொரு பகுதி மறுபடி அமைதியாகின்றன. உடம்பே சுரக்கும் நொதிகள் பழைய நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைக்கின்றன. முற்றிய சிர்ரோசிஸில் எல்லாத் தழும்பும் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தழும்பு கூடுவது நின்று, குறையவும் செய்யலாம் என்பது பெரிய வித்தியாசம். ஒரு மனிதரின் பத்து வருட ஆயுள் அந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கலாம்.

இந்த உறுப்பின் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். பத்து நாட்களுக்குள் மிச்சமிருந்த பகுதி பழைய எடைக்கு வளர்ந்துவிட்டது. இன்று தன் கல்லீரலில் பாதிக்கும் மேல் தானம் கொடுத்தவர் சில மாதங்களில் ஏறக்குறைய முழு அளவை அடைவதும் இதே ஆற்றலால்தான். 2022-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் நம் எல்லோருடைய செல்களிலும் பதிந்திருக்கிறது. அதை வைத்து 20 முதல் 84 வயது வரையானவர்களின் கல்லீரல் செல்களுக்கு வயது கணக்கிட்டார்கள். எந்த வயதுக்காரர் ஆனாலும் கல்லீரலின் சராசரி வயது மூன்று ஆண்டுக்குள்தான் இருந்தது. அறுபது வயதுக்காரரின் உடம்புக்குள் மூன்று வயதுகூட ஆகாத உறுப்பு ஒன்று இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் மருத்துவமனை வராந்தாக்களில் கேட்கும் சொல் ஒன்றுதான்: 'லிவர் போச்சு.'

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். நல்ல கைத்திறன், அவர் பூசிய சுவரில் தண்ணீர் விட்டால் ஒரே சீராக இறங்கும். கால் வீங்கி, வயிறு பானையாகி, கண் மஞ்சளான பிறகு ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்தபோது, ரவுண்ட்ஸ் வந்த இளம் மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டு அவர் மனைவியிடம், 'லிவர் போச்சும்மா, இத்தனை நாள் குடிக்க விட்டுட்டு இப்பக் கூட்டிட்டு வந்தா நாங்க என்ன செய்ய' என்றார். அந்தப் பெண் பதில் பேசாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவரும் அதைக் கேட்டார். டிஸ்சார்ஜ் ஆகி வந்த மூன்றாம் நாள் மாலை அவர் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். நிறுத்திக் கேட்டேன். 'அதான் போச்சுன்னு சொல்லிட்டாங்களே சார், இருக்கிற நாள குடிச்சிட்டே போறேன்' என்றார்.

அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. கூட்டம் நெரியும் வார்டில் ஒரே மாதிரியான நோயாளிகளைத் தினமும் பார்த்துச் சலித்தவர். மிரட்டினால் திருந்துவார்கள் என்றும் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது மருத்துவ உண்மையே இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் பவலும் கிளாட்ஸ்கினும் 1968-லேயே இதை எண்ணிக்கையில் காட்டினார்கள். சிர்ரோசிஸ் வந்தவர்களில் குடியை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். தொடர்ந்து குடித்தவர்களில் 40 பேர்தான் இருந்தார்கள். இன்றுள்ள மருந்துகளோ, ரத்தக் குழாயில் வளையம் மாட்டும் எண்டோஸ்கோப்பி வசதியோ, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையோ அன்று கிடையாது. குடியை விட்டது மட்டுமே செய்த வேலை அது.

வயிற்றில் நீர் கோத்த பிறகும் கதவு சாத்தப்படுவதில்லை என்பதற்கு உலகக் கல்லீரல் நிபுணர்களே ஓர் இலக்கணம் வகுத்துவிட்டார்கள். இத்தாலியின் பவேனோ பெயரால் கூடும் அந்த நிபுணர் குழு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நிலையை வரையறுத்தது. குடி முற்றாக நின்றிருக்க வேண்டும். நீர் மாத்திரை இல்லாமலேயே வயிறு வற்றியிருக்க வேண்டும். மனக்குழப்பம் நீங்கியிருக்க வேண்டும். ஒரு வருடமாக ரத்த வாந்தி இல்லாதிருக்க வேண்டும். பரிசோதனை எண்களும் தேறியிருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால், ஒருமுறை கைவிட்ட கல்லீரல் மறுபடி தன் வேலையைத் தாங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். எல்லோருக்கும் இது வாய்க்காது. ஆனாலும் நிபுணர்கள் ஒரு நிலையைப் பெயரிட்டு வரையறுக்கிறார்கள் என்றால், அப்படி மீண்டவர்களை அவர்கள் போதுமான அளவு கண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வார்டில் கிடக்கும் மனிதரிடம் இதைச் சொல்லாமல் மறைப்பது பெரிய அநியாயம்.

பொய்யான நம்பிக்கையும் வேண்டாம். சிர்ரோசிஸ் வந்தவருக்கு ஒரு சொட்டுகூடப் பாதுகாப்பானது இல்லை. 'கல்யாணம் காட்சிக்கு மட்டும்' என்ற சலுகை அவருக்குக் கிடையாது. குடியை விட்ட பிறகும் கல்லீரல் புற்றுநோய் அபாயம் வருடத்துக்கு ஆறேழு விழுக்காடு வீதம் மெதுவாகத்தான் குறைகிறது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தொடர வேண்டும். இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இவர்கள் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

நிறுத்தச் சொல்வது எளிது. எப்படி நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் விட்டால், ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் இல்லாத பூச்சியைச் சுவரில் பிடிப்பார்கள், செத்துப்போன அப்பாவோடு பேசுவார்கள், வீட்டாரையே அடையாளம் தெரியாமல் அடிக்க ஓடுவார்கள். 'மாலை போட்டுத் தீட்டாகிவிட்டது', 'காத்துக் கருப்பு பிடிச்சிடுச்சு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது இன்றும் நடக்கிறது. இது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம். கை நடுக்கம் உள்ளவர்கள் மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கல்லீரல் கெட்டவருக்கும் பொருந்தக்கூடிய லோராசிபாம் போன்ற மருந்தை அளவோடு கொடுத்து, சில நாட்களில் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் ஊசியும் போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் இந்த பி1 வைட்டமின் போய்ச் சேராவிட்டால் மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். 'டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று தெருமுனை கிளினிக்கில் கேட்டு வாங்கும் குளுக்கோஸ், குடிநோயாளிக்கு வேறு கணக்கு.

பேருந்து ஜன்னலுக்கு மேலும், பொதுக் கழிப்பறைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று போட்டு, கீழே ஒரு செல்பேசி எண். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிற பெண்ணுக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையே இப்படி ரகசியமாகக் கலந்து கொடுக்கும் பழக்கமும் உண்டு. அது உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு உடம்பில் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில வேளை உயிரே போகும். நோயாளி அறிந்து சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. கல்லீரல் ஏற்கெனவே கெட்டவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அதுவே கல்லீரல் அழற்சியை உண்டாக்கக்கூடியது. சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்கு ஏற்ற மருந்துகள் வேறு இருக்கின்றன. குடி வேட்கையைக் குறைக்க பேக்லோஃபென் உதவுகிறது என்று இத்தாலிய மருத்துவர் அடோலொராட்டோவின் குழு 2007-இல் சிர்ரோசிஸ் நோயாளிகளிடமே சோதித்துக் காட்டியது. நோட்டீஸ் எண்ணுக்கு அழைக்கும் மனைவியின் கையறுநிலையை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அதைவிட எளிதாகக் கிடைக்கும் ஒரு வாசலை நாம் திறந்து வைக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். சிலருக்குக் குடியை நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ மஞ்சள் காமாலை முற்றும். 'நல்லா இருந்த மனுசன், நிறுத்தினதாலதான் காமாலை வந்தது' என்று உறவினர் சொல்வார்கள். பழையபடி 'கொஞ்சமா' ஊற்றிக் கொடுத்த வீடுகளும் உண்டு. மதுவால் வரும் கல்லீரல் அழற்சி அது. அந்த நோயின் தளர்ச்சியால்தான் அவரால் குடிக்கவே முடியாமல் போயிருக்கும்; காமாலை பின்னால் வெளியே தெரிகிறது. கடுமையாக வந்தால் வாரக்கணக்கில் உயிர் ஊசலாடும். மருந்துக்கும் கட்டுப்படாதவர்களுக்கு முன்கூட்டியே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்து பார்த்த பிரெஞ்சு, பெல்ஜிய மருத்துவர்கள் 2011-இல் அறிவித்த முடிவின்படி, ஆறு மாத உயிர்வாழ்வு 23 விழுக்காட்டிலிருந்து 77-ஆக உயர்ந்தது. 'ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம்' என்ற பழைய விதி அதன்பின் உலகெங்கும் தளர்ந்துவருகிறது.

காமாலை என்றதும் நம் வீடுகளில் பத்தியம் தொடங்கும். எண்ணெய் கிடையாது, பருப்பு கிடையாது, முட்டை கிடையாது. மோர் சோறும் இட்லியும் கரும்புச் சாறும். அன்பினால் செய்வதுதான். ஆனால் சிர்ரோசிஸ் நோயாளியின் தசை ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது. அவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். உப்பை மட்டும் மருத்துவர் சொன்ன அளவுக்குக் குறைக்க வேண்டும். நோயுற்ற கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. அதனால் நாம் தூங்கும் ஓர் இரவுப் பட்டினி, அவருக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும், அல்லது கொஞ்சம் கேழ்வரகுக் கஞ்சியும் கொடுத்தாலே தசை கரைவது குறையும். எவ்வளவு மலிவான வைத்தியம் இது!

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லி பற்றி 1988-இல் லான்செட் இதழில் எழுதியது நமக்குப் பெருமைதான். ஆனால் அது ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றியது; அதையும் பிறகு வந்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. மதுவால் கெட்ட கல்லீரலுக்கு எந்த இலையும் எந்த டானிக்கும் குடியை விடுவதற்கு மாற்று ஆகாது.

இனி அரசிடம் வருகிறேன். 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த நாள் முதல் 'கடை வேண்டுமா, வேண்டாமா' என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். 2003-இல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் கையில் எடுத்துக்கொண்டது. 2024-25-இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். கடைகளைக் குறைக்க வேண்டும் என்பவன் நான். ஆனால் அந்த வாதம் முடியும்வரை இன்று வார்டில் கிடப்பவர் காத்திருக்க முடியாது. எய்ம்ஸ் நிறுவனம் மத்திய அரசுக்காக எடுத்து 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதிப் பேர் வயிறு வீங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நம்மிடம் வழி தெரியாமல் இல்லை. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட வைத்துக்கொண்டு குடிநோயாளிகளை மீட்டுக் காட்டியது. தமிழக அரசும் 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் திறந்தது. வரவேற்கிறேன். ஆனால் கல்லீரல் வார்டு ஒரு கட்டடத்திலும் மனநலப் பிரிவு வேறு கட்டடத்திலும் இருந்து, இடையில் அழைத்துப்போக ஆள் இல்லாவிட்டால் அந்த நோயாளி அங்கே போய்ச் சேரமாட்டார். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்தாலே திரும்பிவிடுவார். குடிநோய் மருத்துவர் கல்லீரல் வார்டுக்கு வர வேண்டும். நீர் எடுத்த அதே கட்டிலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். ஐப்பசிக் கடைசி வாரம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை போடப்போகிறவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, கை நடுக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. மலைக்குப் போய்வந்ததும் இன்னொரு பரிசோதனை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, 'பாருங்கள் சாமி, உங்கள் உடம்பு செய்த வேலை இது' என்று செவிலியர் சொல்ல எவ்வளவு செலவாகும்? நோன்பிருக்கும் இஸ்லாமியர்களுக்கும் தவக்காலம் அனுசரிக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இதையே செய்யலாம். ஆண்டவன் பெயரால் மக்கள் தாங்களாகவே விடும் நாட்களை மருத்துவத் துறை வீணாக்கக் கூடாது.

காப்பீட்டு விஷயமும் உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடுகளில் மதுப்பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. குடியை விட விரும்புகிறவர் அந்தச் செலவைக் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டும். அது முடியாமல் போய்க் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை வந்தால், இந்த நாட்டில் உயிரோடிருந்து கல்லீரல் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். கணவனுக்கு மனைவி, மகனுக்குத் தாய். இத்தனை வருடம் அடி வாங்கியவளே கடைசியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கொடுக்கிறாள். அவள் அந்த மேஜையில் படுக்க நேராமல் தடுக்கக்கூடிய சில நாள் சிகிச்சையை விலக்குப் பட்டியலில் வைத்திருப்பது எந்த நியாயம்?

அந்தக் கொத்தனாரின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். மாத்திரைகளின் பெயர், எத்தனை வேளை, மறுபடி எப்போது வர வேண்டும் எல்லாம் இருந்தது. கடைசியில் 'மது அருந்தக் கூடாது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரிக்கு இடம் இருந்தது. நிறுத்த உதவும் மருத்துவர் எந்தக் கிழமை, எந்த அறையில் இருப்பார். நடுக்கம் வந்தால் இரவில் எங்கே போக வேண்டும். 14446 என்ற இலவச உதவி எண். எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அந்த மூன்று வரியை அச்சடிக்க ஓர் அரசாணை போதும். சுகாதாரத் துறை செயலாளர் இந்த மாதமே அதில் கையெழுத்திடலாம்.